எங்கேயும் இல்லாத தங்கராஜ்

செங்கல்வராயனுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெயர். காலையில் விமான தளத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. கொஞ்ச நேரம் கழித்துப் பனிமலையில் மாட்டிக்கொண்ட ரோந்துக் குழுவின் தலைவன். சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து மலையில் பீரங்கியோடு காத்திருக்கும் கேப்டன். சில நாள் ஆடு மேய்க்கிற கிழவன். அந்தக் கிழவனுக்கு இந்தி அரைகுறையாகத்தான் வர வேண்டும் என்று உத்தரவு. இத்தனை பேரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், முன்பு லேத் பட்டறையாக இருந்த ஒரு கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத கேபினுக்குள், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பக்கத்து ஏசி அறைகளில் ராணுவத்திலிருந்து வருகிற இளம் அதிகாரிகள் ஆளில்லா விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். நிஜ விமானத்தைக் கற்றுக்குட்டிகள் கையில் கொடுத்தால் அது எந்த வயலில் போய் மூக்கைக் குத்துமோ! அதனால் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். மலை, பனி, ஊர், ரோடு, விமானம், அதன் வயிற்றில் தொங்குகிற கேமரா, எல்லாமே திரையில்தான். ரேடியோவில் பேசுவதற்கு மட்டும் ஒரு நிஜத் தொண்டை வேண்டியிருந்தது. மிஷின் பேசினால் யாருக்கும் பதற்றம் வருவதில்லை என்பார் கர்னல் அப்துல் ரசாக். அவர்தான் தலைமைப் பயிற்சியாளர், படையிலிருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்வராயனும் ஓய்வு பெற்றவர்தான். சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தார். இருபத்துநாலு வருஷம் ரேடியோவில் கத்திக் கத்தியே காலம் தள்ளிய மனிதருக்கு இது தோதான வேலை.

தோதான வேலையில் ஒரே ஒரு வில்லங்கம். பயிற்சிக்கு வருகிறவர்கள் கண்ணில் அவர் படவே கூடாது.

"உங்க குரலக் கேட்டா எவனோ உயிரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறான்னு நினைக்கிறாங்க. நேர்ல பார்த்து, தொப்பையும் டிபன் கேரியருமா ஒரு ஆளுன்னு தெரிஞ்சிட்டா முடிஞ்சுது. அப்புறம் ரேடியோவுல சிரிப்பானுங்க" என்று கர்னல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆகவே செங்கல்வராயன் பக்கவாட்டு கேட் வழியாக எல்லோருக்கும் முன்னால் வருவார். எல்லோரும் போன பிறகு கிளம்புவார். கேபினுக்குள்ளேயே சாப்பாடு. பின்பக்கத்திலேயே தனியாக ஒரு கழிப்பறை. ஒவ்வொரு பேட்ச்சும் ஆறு வாரம் அவரோடு பேசும், அவரிடம் கெஞ்சும், அவரைக் காப்பாற்றும், சில சமயம் கோட்டை விட்டு அவரைச் சாகடிக்கும். கடைசி நாளில் வாசற்படியில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சிரிப்புச் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். ஒரு பேட்ச் மட்டும், ரேடியோ சாருக்கு என்று சொல்லி ஒரு ஸ்வீட் பாக்ஸ் வைத்துவிட்டுப் போனது. டீ போட்டுப் பெருக்கித் துடைக்கிற தாயம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது பாதி காலியாக இருந்தது. "எறும்பு பூந்துடுச்சி அண்ணாத்தே" என்றாள். எறும்புக்கு முந்திரி கேக் மட்டும்தான் பிடிக்கும் போலிருக்கிறது. மிச்சமிருந்ததைச் செங்கல்வராயன் ஒரு வாரம் வைத்துத் தின்றார்.

வீடு நெமிலிச்சேரியில். ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். பிறந்தது வெள்ளானூர். அப்பாவும் அம்மாவும் அங்கே ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பிள்ளை பட்டாளத்துக்குப் போய் வந்த பணத்தில் மேலேயும் கீழேயுமாக வீடு கட்டினார். மேலே வாடகைக்கு ஐடி கம்பெனிப் பிள்ளைகள். கீழே அவர். அவர் மட்டும்.

மனைவி சரசா உயிரோடு, திடமாக, கொஞ்சம் குண்டாகக்கூட இருந்தாள். புனேயில் இருந்தாள். மகள் மதிவதனிக்குப் பிரசவம் என்று போனாள். ஆறு மாசத்தில் வந்துவிடுவேன் என்றுதான் போனாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது பள்ளிக்கூடத்துக்கே போகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை யார் பார்ப்பது? இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் செங்கல்வராயனுக்கு இருந்த பெரிய கஷ்டம். ஒரு சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கும்.

தினமும் போன் வரும். "இன்னாயா, துன்னியா?" என்பாள். துன்னேன் என்பார். "நல்லா கீற இல்ல?" என்பாள். நல்லா கீறேன் என்பார். பின்னாலேயே டிவி சீரியலில் யாராவது அழுவார்கள். பேத்தி போனைப் பிடுங்கி இரண்டு வார்த்தை இந்தியில் சொல்லும். பேசி முடித்தால் ரேடியோவில் பேசிய பழக்க தோஷத்தில் 'ஓவர்' என்று அவர் சொல்வார். பேத்தி அவரை ஓவர் தாத்தா என்றுதான் சொல்கிறதாம்.

இந்தத் தீபாவளிக்குச் சரசா வருவதாக இருந்தது. அதற்காக அவர் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றுவிடும். ஹாலுக்கு வெள்ளையடித்தார். ஓடாமல் கிடந்த கிரைண்டருக்குப் புது பெல்ட் மாட்டி, சும்மா ஓடவிட்டுப் பார்த்தார். அவள் படுக்கிற பக்கத்து பேனில் கொடகொடவென்று ஒரு சத்தம் வரும், அதைக்கூடச் சரி செய்தார்.

அன்று காலை கம்பெனி கேட்டில் போனைப் பெட்டிக்குள் வைக்கப் போகும்போது சரசாவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. போன் உள்ளே போகக் கூடாது. அதனால் அங்கேயே நின்று காதில் வைத்துக் கேட்டார்.

"யோவ், இந்தத் தீவாளிக்கும் வர்றதுக்கு இல்லயா. மதிக்கு லீவு குடுக்க மாட்டன்றாங்களாம். பாப்பாவ உட்டுட்டு நான் எப்டி வர்றது? நீ நல்லாதான கீற? வேளாவேளைக்குத் துன்னு. வச்சிடறேன்."

நீயாவது வாயேன் என்று ஒரு வார்த்தை இருக்குமோ என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை. போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்குத்தான் அந்த பேட்ச்சுக்கு முக்கியமான தேர்வு. இதில் தேறினால்தான் சான்றிதழ். தவறினால் பழைய யூனிட்டுக்கே திரும்ப வேண்டும், இன்னொரு வாய்ப்பு கிடைப்பது சந்தேகம். தேர்வு இதுதான். பனிமலையில் நாயக் தங்கராஜ் என்று ஒரு தமிழ்ச் சிப்பாய் காணாமல் போய்விட்டான். விமானத்தை மேலே சுற்றவிட்டு, கேமராவால் மலையை அங்குலம் அங்குலமாகத் துழாவி அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அவன் ரேடியோவில் மற்றவர்கள் பேசுவது கேட்கும், ஆனால் பேசுகிற பொத்தான் உடைந்துவிட்டது. இது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்படியும் இருக்கலாம் என்று நினைத்து அவர்கள் விடாமல் கூப்பிட வேண்டும், அது விதி. இன்னொரு விதியும் உண்டு. பெட்ரோல் ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தொட்டால், ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விமானத்தைத் திருப்பிவிட வேண்டும்.

தங்கராஜ் யார்? செங்கல்வராயன்தான். வேலை ரொம்பச் சுலபம். வரைபடத்தில் ஓர் இடம் பார்த்து, தங்கராஜ் பொம்மையை அங்கே வைத்து, 'இறக்கு' என்ற பட்டனை அழுத்திவிட்டால் அவன் மலையில் இறங்கிவிடுவான். உட்காருவான், படுப்பான், நடப்பான், கை தூக்குவான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் மைக்கைத் தொடக் கூடாது. சும்மா இருப்பதற்குச் சம்பளம்.

செங்கல்வராயன் நல்ல இடமாகத்தான் பார்த்தார். காய்ந்த ஓடை ஒன்று, அதன் ஓரம் குடை மாதிரி ஒரு பாறை. தங்கராஜை அதன் கீழே உட்கார வைத்தார். அந்த நேரத்தில் மனசு எங்கே இருந்தது? கிரைண்டர் பெல்ட்டில் இருந்தது. எதற்கு மாட்டினோம், தனி ஆளுக்கு யார் மாவு அரைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார். இன்டர்காமில் "ரெடியா?" என்றார் கர்னல். "ரெடி ஸார்" என்றார் இவர்.

தேடல் ஆரம்பித்தது. விமானத்தை ஓட்டியது கேப்டன் நிஷா. குடியாத்தத்துப் பெண். கேமரா லெப்டினன்ட் விஜய் கையில். ஆறு வாரமாக இரண்டு குரலும் செங்கல்வராயனுக்கு அத்துப்படி. விஜய் அவசரப்பட்டால் மூக்கால் பேசுவான். நிஷா அவசரப்படவே மாட்டாள், குரல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கும்.

"தங்கராஜ், தங்கராஜ், இது கருடன். கேட்டால் பதில் சொல்லுங்கள்" என்று விதிப்படி ஆங்கிலத்தில் கூப்பிட்டாள் நிஷா.

செங்கல்வராயன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். தாயம்மா டீ வைத்துவிட்டுப் போனாள். விமானம் கிழக்குச் சரிவைத் துழாவியது, ஓடைக்கு வந்தது, குடைப் பாறைக்கு மேலேயே ஒரு வட்டம் அடித்தது. பலே, அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்களே என்று நினைத்தார்.

"இங்க யாரும் இல்ல" என்றான் விஜய். "ஓடை காலி. அடுத்த சரிவுக்குப் போலாம்."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து தன் திரையைப் பார்த்தார். மலையில் இருக்கிற ஒவ்வோர் உயிருக்கும் அதில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். ஆட்டு மந்தைக்குக்கூட இருந்தது. தங்கராஜுக்கு இல்லை. இறக்கு என்ற பட்டன் அழுத்தப்படாமல் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

தேடுகிறவர்கள் தேட, தங்கராஜ் அந்த உலகத்திலேயே இல்லை. இன்டர்காமை அழுத்தி, தப்பு ஆயிடுச்சு ஸார், நிறுத்துங்க என்று சொன்னால் போதும். கர்னல் நாலு வார்த்தை திட்டுவார், பத்து நிமிஷத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கை இன்டர்காமுக்குப் போய்விட்டது.

அப்போது நிஷாவின் குரல் வந்தது. இந்தத் தடவை விதிப்படியான ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் வந்தது.

"தங்கராஜ் அண்ணே, நீங்க பேச முடியாம கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கலாம். அதனால சொல்றேன். நாங்க மேலதான் இருக்கோம். உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். விட்டுட்டுப் போக மாட்டோம்."

கை திரும்பி வந்து மடியில் விழுந்தது.

ஒரே ஒரு நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

"குளிரும்னு தெரியும். கைய கக்கத்துல வெச்சுக்குங்க. தூங்கிடாதீங்க. தூக்கம் வந்தா எதையாவது மனசுல எண்ணுங்க."

"தூங்கல மா" என்றார் செங்கல்வராயன், மைக் பொத்தானைத் தொடாமலே.

"சாப்பிட எதுனா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க."

"டீ கீது. ஆறிப்போச்சி."

பைத்தியக்காரத்தனம்தான். மூன்று வருஷமாகத் துன்னியா என்ற கேள்விக்குத் துன்னேன் என்ற ஒரே பதிலைச் சொல்லி வந்தவர், அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு தன்னை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்காது என்பதுதான் அதில் இருந்த சௌகரியம். அவள் வடக்குச் சரிவைத் தேடினாள், இடிந்த குடிசையைத் தேடினாள், பனிக்குள் தெரிந்த ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்து அது தங்கராஜ்தான் என்று நம்பி, கிட்டே போய்ப் பார்த்து, பாறை என்று தெரிந்ததும் "சே" என்றாள். அந்தச் 'சே'யில் நிஜமான வருத்தம் இருந்தது. செங்கல்வராயன் காணாமல் போனதற்காக ஒருவர் வருத்தப்பட்டு அவர் இதற்கு முன்னால் கேட்டதில்லை. காணாமல் போகாமல் ஒழுங்காக வீட்டில் இருந்ததுதான் தப்போ என்னவோ.

"உங்க வீட்டுல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க அண்ணே. அவங்கள நினைச்சுக்குங்க."

இதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"பெட்ரோல் கோட்டுக்கு வந்துடுச்சு" என்றான் விஜய். மூக்கால் பேச ஆரம்பித்திருந்தான். "திரும்பணும்."

"ஒரு சுத்து" என்றாள் நிஷா.

"மேடம், விதி."

"தெரியும். அந்த ஓடைய இன்னொரு தரம் பார்த்துட்டுப் போயிடலாம். அங்க பாறைக்கு அடியில யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு இடம் இருந்துச்சு. நான் மாட்டியிருந்தா அங்கதான் போய் உட்காருவேன்."

செங்கல்வராயன் பட்டனைப் பார்த்தார். இப்போதாவது இன்டர்காமை அழுத்தியிருக்கலாம். இல்லை, பட்டனைத் தட்டி தங்கராஜை அந்தப் பாறைக்குக் கீழேயே இறக்கியிருக்கலாம். அவள் வந்து பார்த்திருப்பாள், எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அதெல்லாம் பொய். கை நன்றாகத்தான் இருந்தது. அவர்தான் அழுத்தவில்லை. அழுத்தினால் தேடுவது நின்றுவிடும். உண்மை அவ்வளவுதான், அதைச் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

விமானம் ஓடைக்கு வந்தது. பாறைக்கு மேலே ஒரு சுற்று, தாழ்வாக இன்னொரு சுற்று. "இருக்கீங்களா? அண்ணே, இருக்கீங்களா?" என்றாள். திரும்பும் வழியில் பெட்ரோல் தீர்ந்து விமானம் மலைமுகட்டில் மோதியது, திரை சிவப்பானது. ஹெட்போனில் ஒரு நீளமான கூவல் மட்டும் கேட்டது.

முன்னறையில் விளக்கைப் போட்டார்கள். அந்தப் பக்கத்து இன்டர்காம் திறந்தே இருந்ததால் இவருக்கு எல்லாமே கேட்டது. கர்னல் கத்தவில்லை, அவர் கத்தாமல் இருந்தால்தான் ஆபத்து.

"கோட்டைத் தாண்டி ஏன் போனீங்க கேப்டன்?"

"தப்புதான் ஸார்."

"தப்புன்னு எனக்கும் தெரியும். ஏன்னு கேட்டேன்."

"யாரோ நிஜமாவே கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தோணிடுச்சு ஸார். விட்டுட்டு வர மனசு வரல."

"மனசுக்கு நாங்க மார்க் போடறது இல்ல" என்றார் கர்னல். பிறகு இன்டர்காம் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கிட்டே வந்தது. "தங்கராஜ் எங்க இருந்தான்னு இவங்களுக்குக் காட்டுங்க. பெரிய திரையில போடுங்க."

செங்கல்வராயன் திரையைப் பார்த்தார். பட்டன் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு தட்டினால் பாறைக்கு அடியில் பச்சைப் புள்ளி வந்துவிடும். எப்போது வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அங்கேதான் இருந்தான், நீங்கள் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அவர் வேலை தப்பித்துவிடும், மானமும் தப்பித்துவிடும். அந்தப் பெண் மட்டும், தான் மூன்று தடவை தலைக்கு மேலே பறந்தும் ஒரு மனிதனைப் பார்க்காமல் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு பழைய யூனிட்டுக்கு ரயிலேறுவாள். சாகிற வரைக்கும் அது அவள் தூக்கத்தில் வரும்.

"செங்கல்வராயன், கேக்குதா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். எழுந்து, கேபின் கதவைத் திறந்து, ஒரு தடவைகூடப் போகாத முன்பக்கத் தாழ்வாரத்தில் நடந்தார். கதவைத் தட்டாமலே உள்ளே போனார். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் சின்ன வயது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிஷா யார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவர் நினைத்ததைவிடக் குள்ளம். கண் சிவந்திருந்தது.

"நான் எங்கயும் இல்ல ஸார்" என்றார் செங்கல்வராயன்.

கர்னல் புரியாமல் பார்த்தார். "என்னது?"

"தங்கராஜ மலையில இறக்கவே இல்ல ஸார். காலைல நெனப்பு வேற எங்கயோ பூட்ச்சி. பட்டன அமுக்க மறந்துட்டேன்."

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு, இப்பதான் என்று சொல்லிவிடலாம். "மொத தபா அவங்க ஓடைக்கு வந்தப்பவே தெரியும் ஸார்."

"அப்ப ஏன் சொல்லல?"

அந்த அறை முழுக்க அவர் வாயையே பார்த்தது. இத்தனை பேர் அவரை ஒரே நேரத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் நேராக நின்றார்.

"தேடுனாங்க ஸார்" என்றார். "நல்லா இருந்துச்சி."

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. நிஷா எழுந்து கிட்டே வந்தாள். கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

"நான் பேசினது எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டேன் மா."

"எங்க அப்பா ரிசர்வ் போலீஸ். மலையில காணாமப் போய் அப்புறம் கிடைச்சார். அவர்கிட்ட பேசற மாதிரி பேசினேன் ஸார் உங்ககிட்ட." அவளுக்குக் குரல் கீழே இறங்கியது. "நீங்க அங்க உட்கார்ந்து ரசிச்சீங்களா?"

பதில் வரும் என்று அவள் நிற்கவில்லை. வெளியே போய்விட்டாள். ரசிக்கவில்லையம்மா என்று சொல்ல நினைத்தார். யோசித்துப் பார்த்தால் அதுவும் முழு உண்மை இல்லை.

கர்னல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தேர்வு செல்லாது, நாளைக்கு மறுபடி நடக்கும். பெட்ரோல் கோட்டைத் தாண்டியதற்குக் கேப்டனுக்கு எழுத்தில் ஒரு கண்டனம் உண்டு, அதை மாற்ற முடியாது. நாளைக்கு வேறு ஆள் கிடைக்காததால் செங்கல்வராயனே உட்கார வேண்டும். இந்த பேட்ச்சோடு சரி. அடுத்ததற்குக் கூப்பிட மாட்டார்கள்.

"உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாவதுன்னா சொல்லுங்க" என்றார் கடைசியில், கொஞ்சம் இறங்கி வந்து.

"ஒண்ணும் இல்ல ஸார். நல்லா கீறேன்" என்றார் செங்கல்வராயன்.

மறுநாள் தங்கராஜைப் புது இடத்தில் வைத்தார். இந்தத் தடவை பட்டனை அழுத்திவிட்டு, பச்சைப் புள்ளியை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டார். நிஷாவும் விஜயும் தேட ஆரம்பித்தார்கள். நிஷா விதிப்படி கூப்பிட்டாள், விதிப்படியான ஆங்கிலத்தில், விதிப்படியான இடைவெளி விட்டு. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குளிருமே என்று சொல்லவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. தாயம்மா வைத்த டீ சூடு ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆள் அவன்தானா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. "கேட்கிறதென்றால் வலது கையைத் தூக்குங்கள்" என்றாள் நிஷா ஆங்கிலத்தில். செங்கல்வராயன் பட்டனை அழுத்தினார். மலையில் தங்கராஜ் கை தூக்கினான். மேலே விமானம் அவனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அவள் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"தெரிகிறது" என்றாள். விமானம் திரும்பிப் போய்விட்டது.

குறையே சொல்ல முடியாத வேலை. நல்ல மார்க் வாங்கியிருப்பாள். திரையில் தங்கராஜ் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தான். இறக்கச் சொல்கிற வரைக்கும் அவன் இறக்க மாட்டான். செங்கல்வராயன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவனுக்காவது பொத்தான் உடைந்துவிட்டது, பேச முடியவில்லை. நமக்கு என்ன கேடு? தினமும் போன் வருகிறது, தினமும் கேட்கிறாள், பொத்தான் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அழுத்தி நாம் சொன்னதெல்லாம் நல்லா கீறேன், நல்லா கீறேன். அவள் எந்த மலையில் வந்து தேடுவாள்?

கேட்டில் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டிபன் கேரியரோடு ரயிலேறினார். நெமிலிச்சேரியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வெள்ளையடித்த ஹால் பல்லை இளிக்கும். பிளாட்பார பெஞ்சிலேயே உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்த கூட்டம் முழுக்க அவரைத் தாண்டிப் படியேறிப் போயிற்று. கூட்டம் வடிந்த பிறகு சரசாவுக்குப் போன் போட்டார். வழக்கமாக அவள்தான் கூப்பிடுவாள்.

"இன்னாயா, நீயா பண்ற? துன்னியா?"

"இன்னும் இல்ல."

"நேரத்துக்குத் துன்னுயா. இந்தப் பாப்பா வேற இன்னிக்கி..." என்று ஆரம்பித்து அந்தப் பக்கம் பாப்பாவை ஒரு அதட்டல் போட்டாள். பின்னால் சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "அப்பறம்? நல்லா கீற இல்ல?"

மூன்று வருஷத்துப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். எத்தனையோ மலைகளிலிருந்து பேசிய தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இல்ல சரசா. நல்லா இல்ல. தனியா கீறேன்."

அந்தப் பக்கம் சீரியல்காரி விம்மினாள். சரசாவிடமிருந்து சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"இன்னா சொன்ன?" என்றாள் சரசா. "இரு. ஏய் மதி, அந்த டிவிய நிறுத்து. நிறுத்துன்றேன் இல்ல!"

அழுகை பாதியில் நின்றது. புனேயில் ஒரு வீடு அமைதியானது அவருக்கு நெமிலிச்சேரியில் கேட்டது.

"ம். இப்ப சொல்லுயா" என்றாள்.

செங்கல்வராயன் திருப்பிச் சொன்னார்.